பூஜ்ஜியத்தில் வைத்த திருகு

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. இன்னும் கொஞ்சம் கிட்ட. நான் சொல்லப்போவது உரக்கச் சொல்கிற கதை இல்லை.

எண்பத்து நான்காம் வருஷம். புக்கிட் பெலிம்பிங் பக்கத்தில், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் மாரியம்மன் திருவிழா. மைக் செட்டுக்கு உமாபதி வந்திருந்தான். ரவாங்கில் ரேடியோ பழுது பார்க்கிறவன். எம்ப்ளிபையர் பெட்டி அவன் கையால் செய்தது. பெற்ற பிள்ளையைப் போலத் துணி போர்த்தித்தான் தூக்கி வருவான்.

காலையிலேயே, தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்குகிற மண்டோர் சிவானந்தம் இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்து நின்றார்.

"என்னடா உமாபதி, போன வருஷம் மாதிரி அம்மன் கிளம்புற நேரத்துல பெட்டி பொகைஞ்சுச்சுன்னா, உன்னையே கம்பத்துல கட்டிக் கத்த விட்ருவேன்லா!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். உமாபதி சிரிக்கவில்லை.

மண்டோர் நகர்ந்ததும் பெட்டியின் மூடியைக் கழற்றினான். உள்ளே மிளகு அளவில் ஒரு திருகு. யாரும் பேசாத நேரத்திலும் கொஞ்சம் மின்சாரத்தை உள்ளே ஓடவிட்டு, பெட்டியைத் தூங்காமல் வைத்திருப்பது அதன் வேலை. பயாஸ் என்பான் அவன். விழித்தே இருக்கிற பெட்டி சூடாகும். சூடானால் ஒருநாள் புகையும்.

திருகைப் பூஜ்ஜியத்துக்குத் திருப்பினான்.

இனிப் பெட்டி தூங்கும். பலமாகத் தட்டுகிற சத்தத்துக்கு எழுந்து வேலை செய்யும். மெல்லத் தட்டினால் எழாது. எழாவிட்டால் என்ன? உறுமி மேளத்துக்கு நடுவே மெல்லப் பேச யார் வரப்போகிறார்கள்?

பாட்டுப் போட்டுப் பார்த்தான். கம்பத்தில் கட்டியிருந்த குழாய் அலறியது. தொழிலாளர் லயத்துப் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு சிதறினார்கள். மஞ்சள் கவுன் போட்ட ஒரு சின்னப் பெண் மட்டும் குழாய்க்கு நேர் கீழே நின்று, கையில் ஒழுகும் ஐஸ்கிரீமை நக்கியபடி அவனைப் பார்த்துச் சிரித்தாள்.

தைரியசாலி என்று நினைத்துக்கொண்டான்.

பொழுது சாய்கிற நேரத்தில் அந்தப் பிள்ளையைக் காணவில்லை.

அவள் அம்மா சந்திரிகா, பாகான் நக்கோடா ஓமாரிலிருந்து பஸ் ஏறிப் பால்குடம் எடுக்க வந்தவள். தோட்டத்தில் அவளுக்குத் தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. மண்டோரைத் தேடிப் போய், "ஐயா, மஞ்சக் கவுனு, கங்கான்னு பேரு, அவளுக்கு..." என்று தொடங்கினாள்.

மண்டோர் மிச்சத்தைக் கேட்க நிற்கவில்லை. நல்ல மனுஷர்தான்; அவசரக்காரர். மேளத்தை நிறுத்தச் சொல்லி மைக்கைப் பிடித்தார்.

"மஞ்சக் கவுனு! பேரு கங்கா! செம்பனைக் காட்டுல கால்வாய் வேற நெறைஞ்சு ஓடுது. எல்லாரும் போய்ப் பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கலா! சத்தமா!"

பெட்டி சட்டென்று விழித்து, ஓர் எழுத்து சிந்தாமல் தோட்டத்துக்கே சொன்னது.

கூட்டம் ஓடியது. மண்டோரும் ஓடினார். கோயில் முன்னால் சந்திரிகா தனியாக நின்றாள். இந்தப் பக்கம், ஜெனரேட்டர் இரைச்சலுக்குப் பக்கத்தில், பெட்டியோடு உமாபதி.

அவள் மைக்கை இரண்டு கையாலும் பற்றி உதட்டோடு ஒட்டிக்கொண்டாள். பயத்தில் தொண்டை அடைத்திருந்தது. உதடு அசைந்தது. குழாயில், காய்ந்த ஓலையைத் தரையில் இழுக்கிற மாதிரி ஒரு கரகரப்பு மட்டும் வந்தது.

பிள்ளையைக் கூப்பிடுகிறாள் என்று நினைத்தான் உமாபதி. அம்மா குரல் கேட்டால் எங்கே இருந்தாலும் ஓடி வந்துவிடுமே.

"சத்தமாக்கா! இன்னும் சத்தமா!"

அவளால் முடியவில்லை. ஒலியைக் கூட்டினான், குழாய் ஊளையிட்டது. குறைத்தான், மறுபடி கரகரப்பு.

காட்டுக்குள் ஊரே கூப்பிட்டது. கங்கா! கங்கா! ஒரு வரிசை மரத்தில் கூப்பிடுவார்கள், பதிலுக்குக் காது கொடுத்து நிற்பார்கள். பதில் இல்லையென்றால் அங்கே பிள்ளை இல்லை என்று அடுத்த வரிசைக்குப் போவார்கள். குரல்கள் தள்ளித் தள்ளிப் போய்க்கொண்டிருந்தன.

உமாபதி எழுந்து நாலு எட்டு வைத்து, என்னக்கா சொல்றீங்க என்று பக்கத்தில் போய்க் கேட்டிருக்கலாம். அவனுக்கு அது தோன்றவில்லை. மூடியின் மேல் குனிந்தான்.

காலையில் சுலபமாகக் கழன்ற மூடி இப்போது கழலவில்லை. கை வேர்த்து, திருப்புளி வழுக்கிப் புல்லில் விழுந்தது. தடவி எடுத்தான். அவள் உதடு அசைந்துகொண்டே இருந்தது. அதையே சொல்லிக்கொண்டிருந்தாள், திரும்பத் திரும்ப.

கடைசியில் மூடி வந்தது. திருகு நகர்ந்தது. பெட்டி விழித்தது.

முதலில் அவள் மூச்சு கேட்டது, மரத்துக்கு மேலே, தோட்டம் முழுக்க. பிறகு அவள் சொல்.

"...கூப்பிடாதீங்க. சாமி, கூப்பிடாதீங்க. அவளுக்குப் பொறந்ததிலேர்ந்தே காது கேக்காது. கண்ணால தேடுங்க."

காட்டில் ஒவ்வொரு வாயாக அடைத்தது.

பிறகு ஓட்டம். கூப்பிட்டுப் பார்த்துத் தாண்டிப்போன வரிசைகளுக்கெல்லாம் திரும்பி ஓடினார்கள். ஓலைக் குவியலைப் புரட்டினார்கள். குனிந்து குனிந்து கால்வாயைப் பார்த்தார்கள். தண்ணீர் மேல் வெளிச்சம் கொஞ்சம்தான் மிச்சம் இருந்தது.

உமாபதி திருகிலிருந்து கையை எடுக்கவில்லை. பெட்டி சூடாகிக்கொண்டிருந்தது.

கண்ணுகளா, உங்கள் வீட்டில் மெல்லப் பேசுகிறவர் சொல்லும் முழுசாய்க் காதில் விழட்டும். உங்கள் பிள்ளைகள் விளக்கு வைக்கும் முன்னே வீடு வந்து சேரட்டும்.