இரைச்சலை வடிக்கிற பலகை

மானிப்பாயில் கரண்ட் நின்று மூன்று வருசம். பின்னேர வெயிலில், கவிழ்த்து வைத்த சைக்கிளின் மிதியைக் குணலட்சுமி கையால் சுற்றுகிறாள். டைனமோ முனக, மகள் வாசுகி சாகிற அன்று பாடிப் பதிந்த தேவாரம் கசெற்றில் எழும்புகிறது. குரலை மூடிக்கொண்டு, அன்று வந்து சுட்ட ஹெலிகொப்டர் இரைகிறது. பக்கத்தில் அவள் புருசன் மார்க்கண்டு வாத்தியார், லண்டனிலிருந்து தன் தம்பி அனுப்பிய சாமான் பட்டியலில் பென்சிலை ஓட்டுகிறார். ஒலியை எண்களாக்கி இரைச்சலை மட்டும் வடித்தெடுக்கிற இலத்திரனியல் பலகைகள் அதில் மூன்று. டைனமோவின் வலுவுக்கு ஓடக்கூடிய சின்னதுக்குச் சரி போடுகிறார். "இஞ்சை பார், இதை அனுப்பச் சொல்லப்போறன். ஹெலிச் சத்தம் போயிடும். பிள்ளையின்ரை குரல் மட்டும் நிக்கும்." மிதி நிற்கிறது. பாட்டு இழுபட்டுத் தேய்கிறது. "நீங்கள் அந்தச் சத்தத்தை எடுத்துப்போட்டால்," என்கிறாள், சைக்கிள் சில்லைப் பார்த்தபடி, "பிள்ளை ஏன் பாதியிலை நிப்பாட்டினவள் எண்டு ஆருக்குத் தெரியும்?"