பக்கத்துக் குழி

இரண்டாயிரத்து நூற்று அறுபது ரூபாய்.

செத்துப்போன மாசிலாமணி கோயிலுக்கு வைத்துவிட்டுப் போன பாக்கி. மாதாமாதம் கட்டுகிற சங்கக் காணிக்கை. அதைக் கட்டித் தீர்க்காமல் கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டக் கூடாது. சபையின் சட்டம் அது.

குழி வெட்டுகிறவன் மண்வெட்டியோடு மரத்தடியில் காத்திருந்தான்.

யாரும் கட்டிவிடக் கூடாது என்று இருந்தது அவனுக்கு.

இந்தத் தோட்டத்தில் முன்கூட்டி இடம் பிடிக்க முடியாது. சாகிற வரிசையில்தான் குழி. போன மாதம் தன் மனைவி ஞானப்பூவுக்கு அவனே வெட்டினான். வெட்டும்போதே பக்கத்து இடத்தைப் பார்த்து வைத்துக்கொண்டான்.

அடுத்தது நானாக இருக்கட்டும் ஆண்டவரே.

முந்திக்கொண்டான் மாசிலாமணி.

குடிகாரன். கோயில் ஓட்டின்மேல் கல் எறிந்தவன். ஞானப்பூ சாகக் கிடந்தபோது ஒருநாள் வந்து கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். தலையைத் தூக்க முடியாமல் கிடந்தவள் சொன்னாள்.

"ஏசுவ நம்புய்யா. அது போதும்."

நம்புகிறேன் என்றான் மாசிலாமணி.

அவள் முகம் அப்படியே மலர்ந்தது.

கட்டிக்கொண்ட நாள்முதல் புருஷன் பார்க்காத முகம் அது.

குழி வெட்டுகிறவனோ ஞாயிற்றுக்கிழமை மண்வெட்டியைத் தொடாதவன். ஒரு மாதக் காணிக்கை தவறியதில்லை. கோயில் கட்டக் கல் சுமந்த தோளில் தழும்பு இன்னும் இருக்கிறது. மாசிலாமணி எழுந்து போனதும் பொறுக்காமல் கேட்டுவிட்டான்.

"வேல செய்யாதவனுக்கு முழுக் கூலியா?"

அவள் கண்ணை மூடிக்கொண்டே சிரித்தாள்.

"கூலின்னு யாரு சொன்னா?"

வாசலில் பைக் சத்தம். சபையின் பொருளாளர் எபனேசர் இறங்கி வந்தார்.

"அவன் அக்காகாரிகிட்ட சல்லிக்காசு இல்ல. ஓடைக் கரைக்குத்தான் தூக்கிட்டுப் போகணும். உமக்கு நல்லதாப் போச்சு வே. அந்தக் குடிகாரன் உம்ம வீட்டுக்காரி பக்கத்துல வந்து படுக்கதா?"

அவனுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

எழுந்து அவள் மேட்டருகே போனான். மண் இன்னும் முழுக்க அமுங்கவில்லை. பக்கத்து இடம் காலியாகக் கிடந்தது. தனக்கே தனக்கு.

அவள் சொன்னது மெய்யென்றால்?

மாசிலாமணியை ஓடைக் கரையில் புதைத்தால் என்ன, எங்கே புதைத்தால் என்ன. இந்நேரம் மோட்சத்தில் அவளிடம் போய்ச் சேர்ந்திருப்பான். வெறுங்கையோடு. எனக்கு முன்னால்.

வயிறு எரிந்தது.

பொய்யென்றால்?

அப்படியென்றால் அவளும் அங்கே இல்லை.

அவள் அங்கே இருக்க வேண்டுமென்றால், அவள் சொன்னதும் மெய்யாகத்தான் இருக்க வேண்டும்.

பிறகு மண்வெட்டியை ஓங்கினான். அவள் மேட்டை ஒட்டி முதல் வெட்டு விழுந்தது.

"வே, பாக்கி இன்னும் நிக்கில்லா!" எபனேசர் ஓடி வந்தார்.

"எங் கூலியில கழிச்சிக்கிடுங்க."

"எத்தன குழி வெட்டணும் தெரியுமாவே?"

"தீருற வரைக்கும்."

எபனேசர் அவனையே பார்த்தார். பித்துப் பிடித்துவிட்டதோ என்பதுபோல. பிறகு நோட்டை விரித்து, மாசிலாமணி பேரில் நின்ற பாக்கிமேல் கோடு இழுத்தார்.

அவன் வெட்டினான். மண் அள்ளி வெளியே போட்டான். எரிச்சல் அடங்கவில்லை. இடுப்பளவு இறங்கியதும் நிமிர்ந்தான்.

"அண்ணாச்சி, எம் பேருல எவ்வளவு நிக்கி?"

எபனேசருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"உமக்கு ஏதுவே பாக்கி?"

குழிக்குள் நின்றபடியே அவன் சொன்னான்.

"நல்லாப் பாருங்க."