இன்னா, அவுட்டா?

செருப்புக் கடைக்குள் வந்து உட்கார்ந்த அந்தப் பெண் செருப்பைப் பார்க்கவில்லை. புதுசின் இடுப்பைப் பார்த்தாள்.

நான் பில் போடும் இடத்திலிருந்து கவனித்துக்கொண்டிருந்தேன். கூட்டமில்லாத நேரம். எனக்கும் வேறு வேலையில்லை.

புதுசு என்றால் சின்னப் பையன் இல்லை. தலை பாதி நரைத்தவர். அச்சகத்தில் வேலை பார்த்தார், அதை மூடிவிட்டார்கள். எங்கள் கடையில் கடைசியாகச் சேர்ந்தவர் என்பதால் அந்தப் பெயர்.

ஒரு மாதம் பார்த்துவிட்டுத்தான் வேலை நிரந்தரம் என்று சொல்லியிருந்தார்கள். அந்த மாதம் இன்றோடு முடிகிறது.

தங்கமான மனுஷன். வருகிறவர்களின் சாக்ஸ் எப்படி நாறினாலும் முகம் சுளிக்க மாட்டார். சிக்கல் எல்லாம் சட்டையில்தான்.

எங்கள் கடையில் சட்டையை இன் பண்ணியே ஆகவேண்டும். செருப்புக் கடையில் அது லேசுப்பட்ட காரியமா? குனிந்து காலில் மாட்டிவிட்டால் பின்பக்கம் வெளியே வரும். எட்டி டப்பாவை எடுத்தால் முன்பக்கம் வெளியே வரும். நாள் முழுக்க இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும்.

வெளியே வந்தால் சூப்பர்வைசர் ஒற்றை விரலை மேலே தூக்குவார். “அவுட்!” அதனால் அவருக்கு அம்பயர் என்று பெயர். போன வருஷம் இரண்டு பேரை அப்படித்தான் வீட்டுக்கு அனுப்பினார். விளையாட்டு என்று நினைத்து அவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

புதுசும் என்னென்னவோ செய்து பார்த்துவிட்டார். பெல்ட்டை மூச்சுமுட்ட இறுக்கினார். ஓரங்களை மடித்து மடித்துச் செருகினார். ஒரு நாள் உள்ளே ஊக்கு குத்திக்கொண்டு வந்து, உட்கார்ந்த வேகத்தில் எழுந்தார். கடையே சிரித்தது. அவரும் சிரித்தார், கண்ணில் தண்ணீரோடு.

“இனி ஒரு தடவை சட்டை வெளிய வந்துச்சு, நீயும் வெளியதான்” என்று நேற்று அம்பயர் தீர்த்துச் சொல்லிவிட்டார்.

இப்படிப்பட்ட நாளில்தான் இவள் வந்து உட்கார்ந்திருக்கிறாள்.

அவளைப் பார்த்ததும் புதுசு பேயறைந்த மாதிரி நின்றார். வழக்கமாகச் சொல்லும் ‘வாங்க’கூட வாயிலிருந்து வரவில்லை. அவள் முன்பக்கம் பார்த்தாள். அவர் திரும்பியதும் பின்பக்கம் பார்த்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பார்த்தால் குடும்பப் பெண் மாதிரி இருக்கிறாள், இதென்ன கண்றாவிப் பார்வை!

அம்பயர் பக்கத்தில் வந்து நின்றார். “மேடத்துக்கு என்ன வேணும்னு கேளுப்பா.”

அவள் திடுக்கிட்டாள். நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கையை நீட்டி, “அது” என்றாள்.

விரல் காட்டியது மேல் தட்டை. அதிலும் உச்சியில் இருந்த டப்பாவை.

நீட்டிய பிறகுதான் எங்கே நீட்டினோம் என்று பார்த்தாள் போல. முகம் வெளிறிவிட்டது. ஏதோ சொல்ல வாயைத் திறந்து, அம்பயரைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள்.

புதுசு குட்டி ஏணியை இழுத்துப் போட்டு ஏறினார். ஒரு கைக்கு எட்டவில்லை. நுனிக்காலில் நின்று இரண்டு கையையும் தூக்கினார். நானே என்னை அறியாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

டப்பா வந்தது. சட்டையும் வந்தது. பின்பக்கம் முழுசாக.

இரண்டு கையிலும் டப்பா, நிற்பதோ ஏணியில். அவரால் ஒன்றும் செய்ய முடியாது. கட்டியிருந்த கையை அம்பயர் பிரித்தார். விரல் மேலே எழும்பத் தொடங்கியது.

அந்தப் பெண் எழுந்தாள். ஒரே எட்டு. தொங்கிய நுனியைப் பிடித்து, பெல்ட்டுக்குள் விரலை விட்டு, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திணித்து, சரியாகிவிட்டது என்பதுபோல் ஒரு தட்டும் தட்டினாள்.

கடையே திரும்பிப் பார்த்தது. முன்பின் தெரியாத ஆளின் பேண்டுக்குள் ஒருத்தி கையை விடுவாளா? நான் சத்தம் போடப் போனேன்.

அதற்குள் அவளே சத்தம் போட்டாள்.

“ஏங்க, மூச்சை இழுத்துப் பிடிச்சுக்கிட்டு எட்டுங்கன்னு காலையில படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!”

செருப்பு வாங்க வருகிறவர்களும் ‘ஏங்க’ என்றுதான் கூப்பிடுவார்கள். அது வேறு ‘ஏங்க’. இது வீட்டு ‘ஏங்க’.

சொல்லி முடித்த பிறகுதான் எங்கே நிற்கிறோம் என்பது அந்த அக்காவுக்கு உறைத்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். எல்லாம் தன்னால்தான் கெட்டது என்று நினைத்திருப்பார்.

அம்பயரின் விரல் பாதியில் நின்றது. அவர் சட்டையைப் பார்த்தார். இன்னாகத்தான் இருந்தது. புதுசு ஒரு நாளும் அவ்வளவு ஒழுங்காகச் செருகியதில்லை. யார் செருக வேண்டும் என்று கடைச் சட்டத்தில் இல்லை.

தூக்கிய விரலைக் காதுக்குள் விட்டுக் குடைந்துகொண்டார்.

“உங்களுக்கு என்னம்மா வேணும்?”

“ஒண்ணும் வேணாம் சார். சும்மா பார்த்துட்டுப் போலாம்னுதான் வந்தேன்.”

எல்லாரும் சொல்வதுதான் அது. நான்தான் பில்லைப் பார்ப்பதுபோல் தலையைக் குனிந்துகொண்டேன்.

அம்பயர் ஏணிப் பக்கம் திரும்பினார். “பார்த்து இறங்கு. நாளைக்கு வரும்போது கொஞ்சம் நீளமான சட்டையாப் போட்டுட்டு வா.”

புதுசு இறங்கவில்லை. டப்பாவை நெஞ்சோடு பிடித்தபடி மேலேயே நின்றார்.

“நாளைக்கா சார்?”