முகம் எடுக்கும் பாடம்

“அந்தாளுகிட்டப் போயா புத்தகம் கேக்கப் போறீங்க? நல்லாச் சொல்லிக் குடுப்பாரு, பாருங்க,” என்றாள் மனைவி திலகம்.

காளிமுத்துவுக்கும் அதே சந்தேகம்தான். மலைமேல் பிரிஞ்சாங் டவுனில் இருந்த ஒரே தமிழ் ஸ்டூடியோ ராதாகிருஷ்ணனுடையது. சுற்றுவட்டாரத் தேயிலைத் தோட்டங்களில் கல்யாணம், காதுகுத்து, திருவிழா எதுவானாலும் படம் எடுக்க அவர்தான் வருவார். தோட்டத்து லயத்தில் குடியிருக்கிற கூலியாள் ஒருத்தன் சொந்தமாகக் கேமரா வாங்கிவிட்டான் என்றால் அவருக்கு வயிறு எரியாதா?

ஆனாலும் வேறு வழியில்லை. கேமராப் பெட்டிக்குள் வந்த புத்தகம் பொத்தான்களின் பெயரைச் சொன்னதே தவிர, படம் எடுப்பது எப்படி என்று சொல்லவில்லை. தமிழில் கேமரா புத்தகம் கிடைக்கிற இடமும் அதே ஸ்டூடியோதான்.

நாளும் இல்லை. சனிக்கிழமை அக்கா வேலாயி பினாங்கில் கப்பலேறுகிறாள். குடியுரிமை இல்லாத சிவப்பு ஐ.சி. அடையாள அட்டைக்காரர்களுக்கு வேலை பெர்மிட் கிடையாது என்று ஆனபிறகு, மாமாவும் அக்காவும் இந்தியாவுக்கே போய்விடுவதென்று முடிவாகிவிட்டது. தாயில்லாத காளிமுத்துவைத் தூக்கி வளர்த்தவள். இனி அந்த முகத்தை எப்போது பார்ப்பானோ.

“ஸ்டூடியோவுல பூப்போட்ட திரைச்சீலைக்கு முன்னால என்னால நிக்க முடியாதுடா. கூடையோட கொழுந்துக் காட்டுல நிக்கிறேன். நீயே எடு,” என்று அக்கா சொல்லியிருந்தாள்.

எடுத்த படம் சரியாக வந்ததா என்று தெரிய, கலர் ரோலைக் கழுவ ஈப்போவுக்கு அனுப்பிக் காத்திருக்க வேண்டும். அதற்குள் அக்கா நடுக்கடலில் இருப்பாள்.

ஸ்டூடியோவில் கண்ணாடி அலமாரிக்குள் நாலைந்து புத்தகங்கள் இருந்தன. காளிமுத்து தடித்ததாக ஒன்றைக் காட்டினான்.

“அது வேணாம் தம்பி. லென்சு கணக்கு போட்டே ஆளக் கொன்னுடுவான்,” என்றார் ராதாகிருஷ்ணன்.

“அப்ப அந்தக் கலர் அட்டை?”

“அட்டை மட்டுந்தான் லா கலரு.”

விற்க வைத்திருக்கும் சரக்கையே வேண்டாம் என்கிற வியாபாரியைக் காளிமுத்து அன்றைக்குத்தான் பார்த்தான். எங்கேயோ இடித்தது.

அவர் மேசை இழுப்பறையைத் திறந்து, மூலை மடங்கிய மெல்லிய புத்தகம் ஒன்றை எடுத்தார். மெட்ராசில் அச்சானது.

“இத வச்சுக்க. நான் படிச்சுக் கத்துக்கிட்டது. காசெல்லாம் வேணாம். ஆனா, மொகம் எடுக்கிறதுக்கு முன்னால ஒரு தடவ கேமராவோட இங்க வந்துட்டுப் போகணும்.”

“ஏண்ணே?”

அதற்குள் பாஸ்போர்ட் படத்துக்கு ஒரு சீனக் குடும்பம் வந்துவிட்டது. அவர் உள்ளே போய்விட்டார். சுவரில் மாலை போட்ட படம் ஒன்று தொங்கியது. மாலைதான் தெரிந்தது, முகம் தெரியவில்லை. படக்கடைக்கு ஒரு நல்ல பல்பு போடக்கூட மனசு வராத ஆள், சும்மா புத்தகம் கொடுக்கிறாராம் என்று நினைத்துக்கொண்டே படியிறங்கினான்.

வீட்டில் உட்கார்ந்து படித்தான். நல்ல புத்தகம்தான். பக்கத்து வீட்டுக்காரன் பேசுகிற மாதிரி எளிதாகச் சொல்லியிருந்தது. பொருளடக்கத்தில் ‘முகங்களைப் படம் எடுத்தல்’ என்று ஒரு பாடம். ஆவலாகப் புரட்டினான்.

அந்தப் பாடமே இல்லை. ஏழெட்டுத் தாள்கள் அடியோடு கிழிக்கப்பட்டிருந்தன.

“பாத்தீங்களா? மரம் மட்டைய நீ எடுத்துக்க, மனுசன எடுக்கணும்னா எங்கிட்ட வான்னு சொல்லுறாரு,” என்றாள் திலகம். “அதான் வரச் சொல்லியிருக்காரு.”

மறுநாள் வேலை முடிந்ததும் காய்கறி லோரியைப் பிடித்து பிரிஞ்சாங் போய் இறங்கினான். புத்தகத்தைக் கண்ணாடி மேசைமேல் தொப்பென்று போட்டான்.

“எங்கண்ணே அந்தப் பாடம்? உங்க பொழப்ப நான் கெடுத்துடுவேன்னுதானே கிழிச்சிட்டீங்க? எங்கக்காவ ஒரே ஒரு படம் எடுக்கத்தானே கேட்டேன்?”

ராதாகிருஷ்ணன் எழுந்தார். சுவரில் இருந்த மாலை போட்ட படத்தைக் கழற்றினார். தோள் துண்டால் துடைத்தார். வாசல் வெளிச்சத்தில் கொண்டுவந்து அவன் கையில் கொடுத்தார்.

பின்னால் தேயிலை மலை. அதை மூடிய வெள்ளைப் பனி. சேலைக்கு மேல் கம்பளிச் சட்டை போட்ட ஒரு பெண். சட்டை தெரிந்தது, தலையில் பூ தெரிந்தது. முகம் மட்டும் பானைக் கரியாக இருந்தது. குறை பல்பில் இல்லை.

“எம் பொஞ்சாதி செல்லம்,” என்றார். “தாப்பா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போன அன்னைக்குக் காலையில எடுத்தேன். அவ திரும்பி வரல. கேமரா வாங்கின புதுசு, இது ஒண்ணுதான் அவ படம்.”

காளிமுத்து படத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தான்.

“அந்தப் பாடத்துல இருந்தபடியே எடுத்தேன் தம்பி. கேமராவுல வெளிச்சம் காட்டுற முள்ள அப்படியே நம்புன்னு எழுதியிருந்தான். மெட்ராசு வெயில்ல இருந்து எழுதினவனுக்கு நம்ம மலைப் பனி எப்படித் தெரியும்? பின்னால இருந்த வெள்ளையப் பாத்து முள்ளு ஏமாந்துருச்சு, மொகத்துக்கு வெளிச்சம் பத்தாமப் போச்சு. இங்க மொகத்துக்குக் கிட்டப் போயி அளக்கணும், அப்புறம் தள்ளி வந்து எடுக்கணும். எனக்கு அது பின்னாலதான் தெரிஞ்சிச்சு. வேற யாரும் ஏமாறக் கூடாதுன்னுதான் அந்தத் தாளக் கிழிச்சேன், உன்னையும் வரச் சொன்னேன்.”

“அண்ணே, நான் என்னென்னமோ...” குன்றிப்போய் நின்றான் காளிமுத்து.

படத்தை வாங்கிப் பழைய ஆணியிலேயே மாட்டிவிட்டு அவர் திரும்பினார்.

“நாளைக்குக் காலையில நானே தோட்டத்துக்கு வர்றேன். நீதான் எடுக்கணும், நான் பக்கத்துல நிக்கிறேன். உங்கக்கா மொகமாவது தெரியட்டும்.”