முதுகில் ஒரு முக்கோணம்

நிலக்கடலைக் கொல்லைக்கு அடியில் வண்டுகளின் வளை ஒன்று இருந்தது. அதன் காவல்காரன், வருகிறவர்களை இருட்டில் மீசையால் தடவியே இனம் கண்டுவிடுவான். முதுகின் நடுவில் நேர்கோடு ஓடினால் வண்டு, உள்ளே விடுவான். முக்கோணம் தட்டுப்பட்டால் வேறு பூச்சி, வெளியே தள்ளுவான்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு நாள், நனைந்த பூச்சி ஒன்று வாசலில் வந்து ஒதுங்கியது. காவல்காரன் தடவினான். வழவழப்பான உடம்பு, மண் பறிக்கும் முள்கால்கள், எல்லாம் சரி. ஆனால் முதுகில் முக்கோணம். வாயில் தாடை இல்லை, உறிஞ்சும் ஊசிதான் இருந்தது.

"நீ வண்டு இல்லை. போய்விடு."

"தண்ணீர் ஏறுகிறது அண்ணே. போனால் செத்துப்போவேன்."

"அதற்கு நான் என்ன செய்ய? முதுகு பொய் சொல்லாது."

"உங்கள் முதுகை யார் தடவிப் பார்த்தார்கள்?"

அவனுக்குச் சிரிப்பு வந்தது. "காவல்காரனை எவன்டா தடவுவான்? வேண்டுமானால் நீயே பார்."

ஈர மீசை அவன் முதுகில் தூக்கம்போல மெல்ல ஊர்ந்தது. ஓர் இடத்தில் திரும்பியது. மறுபடி திரும்பியது. தொடங்கிய இடத்துக்கே வந்து நின்றது. பல்வலி என்று சொல்லிக்கொண்டு, மற்ற வண்டுகளைப்போலச் சாணியை மெல்லாமல் கடலை வேரை உறிஞ்சியே பசியாறிய நாட்களெல்லாம் அவனுக்குள் மிதந்து போயின.

உள்ளேயிருந்து மூத்த வண்டு குரல் கொடுத்தது. "யாரப்பா அது? வண்டுதானா?"

"வண்டுதான்" என்றான் காவல்காரன். பிறகு தன் முதுகை மண்சுவரோடு ஒட்டவைத்துக்கொண்டு, நனைந்தவனுக்கு வழிவிட்டான்.