சுடருக்கு முன்னால்

இத்தாலியில் நர்ஸ் வேலை கிடைத்ததிலிருந்து மெற்றில்டா எரியும் மெழுகுவர்த்தியை வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு அந்த ஊர் எழுத்துகளைச் சொல்லிப் பழகினாள். ப்ப, த்த, க்க என்று எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் சுடர் ஆடக் கூடாதாம். போனில் பாடமெடுப்பவன் சொன்னது. முதலில் அது அணைந்துகொண்டே இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து தீக்குச்சி கிழித்துக் கொடுத்ததே அவள் கணவன் அமலதாஸ்தான். இப்போதெல்லாம் தீப்பெட்டி சும்மா கிடந்தது. அவனுக்கு என்னவோ உறுத்தியது.

“அங்க போனா திரும்பி வருவியா?”

கேட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்க்கவில்லை, சுடரையே பார்த்தான்.

“வராம? ஒங்களையும் பிள்ளையையும் விட்டுட்டு அங்கேயே இருந்துருவனா?”

நம்ம பேச்சுக்கும் சுடர் அசையவே இல்லை.

“இன்னொருக்க சொல்லு” என்று, மெழுகுவர்த்தியை அவள் உதட்டுக்கு இன்னும் கிட்டத்தில் நகர்த்தினான்.