நடுரோட்டில் மருமகள்

ரோட்டு சிக்னலுக்கு நேரம் வைக்கக் கற்றுத்தரும் ஸ்மார்ட் சிக்னல் பயிற்சிக்குப் போகும் மருமகளுக்கு வேலை உறுதி என்று தெருவெல்லாம் பீற்றியிருந்தாள் மாமியார். எட்டு மாத வயிற்றோடு மருமகள் முகம் வாடி வந்ததும் வாசலுக்கே ஓடினாள்.

“என்னடி ஆச்சு?”

“இன்னிக்கு டெஸ்ட், அத்தை. கூடப் படிக்கிற பசங்க எல்லாம் விறுவிறுன்னு ரோட்டைத் தாண்டிட்டாங்க. நான் பாதி தாண்டுறதுக்குள்ள சிவப்பு விழுந்துடுச்சு.”

“சார் திட்டினாரா?”

“செம திட்டு.”

மாமியார் தலையில் கைவைத்து உட்கார்ந்தாள்.

“திட்டினது சிக்னலுக்கு நேரம் வச்ச பசங்களைத்தான். ‘ஊர்ல எல்லாரும் உங்களை மாதிரியா ஓடுவாங்க?’ன்னார். இனி நேரம் வைக்கிறது நான்தான். வேலையும் உறுதி.”

“அப்புறம் ஏன்டி மூஞ்சி அப்படி?”

“நேரம் கணக்குப் பார்க்க என்னைத் திரும்பத் திரும்ப நடக்கவிட்டார். கால் வலி.”

மாமியாருக்குப் போன உயிர் வந்தது.

“நாளைக்கு என்னையும் கூட்டிட்டுப் போ. என் முழங்காலுக்கும் சேர்த்து நேரம் வை.”